வானத்தில் அளவுகோல் இல்லை: பேருருவப் பறக்கும் ஊர்வன பற்றிய ஓவியங்களில் உருவளவும் நிலமும்

ஆய்வுச்சுருக்கம்

டெரோசார்கள் எனப்படும் தொல்காலப் பறக்கும் ஊர்வனவற்றுள் மிகப் பெரியவற்றுள் ஒன்றான குவெட்சல்கோட்லஸ் 1975ஆம் ஆண்டு அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. அதன் பேருருவைக் காட்ட முயன்ற ஓவியங்கள் நெடுங்காலம் அதனை வானத்திலேயே வரைந்தன. ஒப்பிடுவதற்கு வேறு பொருளில்லாத வானம் உருவளவை மறைத்துவிடும் இயல்புடையது. 2008இல் மார்க் விட்டன் வரைந்த ஓவியம் அவ்விலங்கைத் தரைக்குக் கொண்டுவந்தது. இம்மாற்றத்தால் ஓவியம் எதனைப் பெற்றது, எதனை மறைத்தது என்பதைத் தொல்காப்பியம் கூறும் முதல், கரு என்னும் பாகுபாட்டின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தொல்லுயிர் ஓவியம், டெரோசார், குவெட்சல்கோட்லஸ், உருவளவு, முதற்பொருள், கருப்பொருள், மார்க் விட்டன்

முன்னுரை

தொல்லுயிர் ஓவியம் தான் வரையும் பொருளை நேரிற் கண்டிராத கலை. எலும்பு உண்டு, சில வேளைகளில் தோலின் பதிவும் காலடித் தடமும் உண்டு. எஞ்சிய நிறம், தசை, நடை, நிலம், பொழுது ஆகிய அனைத்தையும் ஓவியரே வழங்க வேண்டும். அவர் வழங்கியவற்றுள் எது சான்றின்வழி வந்தது, எது கருத்தின்வழி வந்தது என்பதைப் பார்ப்பவர் பிரித்தறிய முடியாது. அறிவியல் நூலின் பக்கத்தில் அச்சாகும்போது அவ்வோவியம் சான்றாகவே படிக்கப்படுகிறது. எனவே இவ்வகை ஓவியத்தின்மேல் எழும் திறனாய்வு அழகை மட்டும் அளந்தால் போதாது. ஓவியம் என்ன கூற்றை முன்வைக்கிறது, அக்கூற்றை எவ்வாறு நம்பவைக்கிறது என்பதையும் அது கேட்டாக வேண்டும்.

பறக்கும் ஊர்வனவற்றின் ஓவியங்களில் இக்கேள்வி கூர்மை பெறுகிறது. டெரோசார்கள் டைனோசார்கள் அல்ல. அவற்றோடு நெருங்கிய உறவுடைய தனிக் கிளையினம். தமிழ் நாளிதழ்களும் பாடத்துணை நூல்களும் ‘பறக்கும் டைனோசர்’ என்றே எழுதிவருவது திருத்தத்தக்கது. நீண்டு வளர்ந்த நான்காம் விரல் ஒன்றே இவற்றின் இறக்கைச் சவ்வைத் தாங்கியது. சிட்டுக்குருவி அளவிலிருந்து சிறு விமானத்தின் அளவு வரை இவ்வினத்தில் உயிர்கள் இருந்தன. சிறியவற்றை வரைவதில் ஓவியர்க்குப் பெருந்தடையில்லை. சிக்கல் பெரியவற்றில்தான் உள்ளது. பத்து மீட்டர் இறக்கை விரிவுடைய உயிரைப் பத்து மீட்டர் என்று தோன்றும்படி ஒரு தாளில் வரைவது எங்ஙனம்?

முதலும் கருவும்

தொல்காப்பியப் பொருளதிகாரம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை முதலானவற்றைக் கருப்பொருள் என்கிறது. கருப்பொருள் முதற்பொருளைச் சார்ந்து நின்றே பொருள் தருகிறது. அகப்பாடலுக்கென வகுத்த இலக்கணத்தைக் கிரிடேசியஸ் கால விலங்கின் ஓவியத்துக்கு முழுமையாகப் பொருத்த இயலாது. மனித உணர்வாகிய உரிப்பொருளுக்கு இங்கு இடமுமில்லை. எனினும் ஒரு விலங்கு எந்நிலத்தில், எப்பொழுதில் நிற்கிறது என்பதே அது யாது என்பதைத் தீர்மானிக்கிறது என்னும் நுண்ணிய புரிதல் இவ்வகை ஓவியத்தை அணுகப் பெரிதும் உதவும். டெரோசார் ஓவியங்களின் இருநூற்றாண்டு வரலாறு பெரும்பாலும் விலங்கின் உடலமைப்பு திருத்தப்பட்ட வரலாறாகவே எழுதப்படுகிறது. நிலம் மாறிய வரலாறாக அதனைப் படித்தால் வேறு சில செய்திகள் புலனாகின்றன.

கடலும் குன்றும்

இக்குழுவின் முதல் புதைபடிவத்தை 1784இல் விவரித்த கொசிமோ கொல்லினி அதனைக் கடல்வாழ் உயிராகக் கருத இடமுண்டு என எண்ணினார். பவேரியாவின் சுண்ணாம்புக்கற் படிவிலிருந்து கிடைத்த சிற்றுயிர் அது. 1800இல் ஸ்ட்ராஸ்பர்க் அறிஞர் யோகான் எர்மான், பாரிசிலிருந்த கூவியேவுக்கு அனுப்பிய மடலோடு ஒரு வரைபடத்தையும் இணைத்தார். உயிருடன் இருந்தபோது இவ்விலங்கு எப்படித் தோன்றியிருக்கும் என்பதைக் காட்டும் படங்களுள் இன்று அறியப்படும் முதற்படம் அதுவே. மயிர் போர்த்த உடலும் சவ்விறக்கையும் கொண்டதாக எர்மான் வரைந்திருந்தார். பின்னர் 1854இல் இலண்டன் சிடனம் பூங்காவில் வாட்டர்ஹவுஸ் ஆக்கின்ஸ் நிறுவிய சிற்பங்களில் டெரோசார் செதில் போர்த்து நிற்கிறது. 1971இல் கசக்ஸ்தானிலிருந்து விவரிக்கப்பட்ட சோர்டெஸ் என்னும் புதைபடிவம் மயிர்போன்ற இழைகளைத் தெளிவாகக் காட்டிய பிறகே எர்மானின் கணிப்பு எவ்வளவு சரி என்பது விளங்கிற்று.

நிலத்தைப் பொறுத்தவரை, என்றி டி லா பீச் 1830இல் வரைந்த ‘துரியா ஆன்டிகுயர்’ என்னும் நீர்வண்ண ஓவியம் ஒரு மரபைத் தொடங்கிவைத்தது எனலாம். மேரி ஆனிங் தோண்டியெடுத்த உயிர்களை ஒரே காட்சியில் நிறுத்திய அவ்வோவியத்தில் டெரோசார்கள் கடலுக்கு மேலே பறக்கின்றன. ஒன்றை நீரிலிருந்து நீண்ட கழுத்துடன் எழும் பிளீசியோசார் கவ்விப் பிடிக்கிறது. பறப்பது இங்கே இரை. பேருருவம் நீருக்குள் உள்ளது. கழுத்துக்கும் இறக்கைக்கும் நேரும் அத்தொடுகையினால்தான் டெரோசார் எவ்வளவு சிறியது என்று தெரிகிறது. இந்நுட்பம் பின்வந்தவர்களால் பெரிதும் மறக்கப்பட்டது.

அமெரிக்காவின் கேன்சாஸ் சுண்ணப் படிவுகளிலிருந்து ஓத்னியல் மார்ஷ் 1870களில் வெளிக்கொணர்ந்த டெரனோடான் இக்கலைக்கு முதற் பேருருவை அளித்தது. பல்லற்ற அலகு, பின்னோக்கி நீண்ட கொண்டை, பெரிய ஆண் விலங்குகளில் 6 மீட்டரைத் தாண்டும் இறக்கை விரிவு ஆகியன ஓவியர்களை ஈர்த்தன. சிக்காகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்துக்காகச் சார்லஸ் நைட் 1920களின் பிற்பகுதியில் வரைந்த சுவரோவியங்களுள் ஒன்றில் டைலோசார் கடலைக் கிழித்து எழ, மேலே டெரனோடான்கள் மிதக்கின்றன. செக் நாட்டின் ஸ்டெனெக் பூரியான் அலைக்கு மேலே காற்றில் சறுக்கும் டெரனோடான்களை வரைந்தார். யோசஃப் ஔகுஸ்தாவுடன் இணைந்து அவர் வெளியிட்ட நூல்கள் பல மொழிகளில் பரவி, ஒரு தலைமுறையின் கற்பனையை வடித்தன. யேல் பல்கலைக்கழகத்தின் பீபாடி அருங்காட்சியகத்தில் ருடால்ஃப் சாலிங்கர் 1943 முதல் 1947 வரை தீட்டிய 110 அடி நீளச் சுவரோவியத்தில் டெரனோடான் கிரிடேசியஸ் பகுதியின் வானில் இடம்பெறுகிறது. அங்கு அதன் பணி, தரையிலுள்ள டைனோசார்களுக்கு மேலே வெற்றிடம் தோன்றாமல் காப்பது என்பதற்குமேல் அதிகமில்லை.

டெரனோடானைப் பொறுத்தவரை நெய்தல் சான்றுக்கு ஒத்தது. கேன்சாஸ் அன்று வடஅமெரிக்காவை இரண்டாகப் பிரித்த உள்நாட்டுக் கடலின் அடித்தரை. எலும்புகள் கடற்படிவிலேயே கிடைத்தன. குறை நிலத்தில் இல்லை, அளவில் உள்ளது. நைட்டின் ஓவியத்திலோ பூரியானின் ஓவியத்திலோ காணும் டெரனோடான் 6 மீட்டர் உடையதா, கடலாலா அளவுடையதா என்பதை ஓவியத்தை மட்டும் கொண்டு கூற இயலாது. அலைக்கு நிலையான அளவில்லை, முகிலுக்கும் இல்லை. தொலைவிலுள்ள பெரியதும் அண்மையிலுள்ள சிறியதும் வானில் ஒன்றுபோலவே தோன்றும். அட்டவணையோ விளக்கக் குறிப்போ எண்ணைச் சொன்ன பின்னரே பார்ப்பவர் அதனைப் பெரிதாகக் காண்கிறார். உண்மையில் அவர் எண்ணைத்தான் காண்கிறார்.

திரைப்படம் இச்சிக்கலை முரட்டு வழியில் தீர்த்தது. 1933இன் ‘கிங் காங்’ படத்திலும் 1966இல் ரே ஆரிஹவுசன் உயிரூட்டிய ‘ஒன் மில்லியன் இயர்ஸ் பி.சி.’ படத்திலும் டெரனோடான் ஒரு பெண்ணைத் தூக்கிச் செல்கிறது. அதன் கால்கள் எதனையும் பற்றித் தூக்கத்தக்கன அல்ல. மனிதர் தோன்றுவதற்கு ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே அவ்வினம் மறைந்துவிட்டது. ஆயினும் திரையில் அந்த உடல் இருந்தாக வேண்டியிருந்தது. மனித உடலே பார்ப்பவர் ஐயமின்றி அறிந்த அளவுகோல்.

டெக்சாசின் எலும்பும் மூன்று எண்களும்

1971இல் டெக்சாசின் பிக் பெண்ட் தேசியப் பூங்காவில் டக்ளஸ் லாசன் என்ற மாணவர் ஓர் இறக்கையின் எலும்புகளைக் கண்டெடுத்தார். 1975இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த அவருடைய கட்டுரை அவ்விலங்கின் இறக்கை விரிவுக்கு 11, 15.5, 21 மீட்டர் என மூன்று மதிப்பீடுகளை முன்வைத்து, இடைப்பட்டதையே ஏற்புடையதாகக் கருதியது. அதே ஆண்டில் ஆஸ்டெக் மக்களின் இறகுடைய பாம்புத் தெய்வத்தின் பெயரும் விமான வடிவமைப்பாளர் நார்த்ராப்பின் பெயரும் இணைந்து குவெட்சல்கோட்லஸ் நார்த்ராபி என்னும் பெயர் அதற்கு அமைந்தது. தெய்வமும் விமானமும் கூடிய அப்பெயரே பின்வந்த ஓவியங்களுக்கு வழிகாட்டியது என்று சொன்னால் மிகையாகாது. இன்றைய மதிப்பீடு 10 முதல் 11 மீட்டர் வரை. மூன்று எண்களில் மிகச் சிறியதே நிலைத்தது. ஆனால் வெகுசன நூல்களின் படங்களில் பெரிய எண்களே நீண்ட காலம் வாழ்ந்தன.

இங்கு ஓர் உண்மை கவனத்துக்குரியது. எலும்பு கிடைத்த இடம் அக்காலக் கடற்கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே இருந்தது. லாசன் இதனை உணர்ந்தே, இறந்த டைனோசார்களின் உடலை உண்ணும் கழுகு போன்ற வாழ்வை அதற்குக் கற்பித்தார். ஓவியங்களோ பெரும்பாலும் டெரனோடானின் கடலையே இதற்கும் கொடுத்தன. அலகால் நீர்ப்பரப்பைக் கிழித்து மீன் பிடிப்பதாக வரைந்தன. கருப்பொருள் புதியது, முதற்பொருள் பழைய விலங்கிடமிருந்து இரவல் பெற்றது. நீரைக் கிழித்து உண்ணும் முறைக்கு இத்தகைய உடல் ஏற்றதன்று என்பதை 2007இல் வெளிவந்த ஆய்வொன்று மாதிரிகளைக் கொண்டு செய்த சோதனைகளால் காட்டியது. மற்றொரு புறம், சிறுதலையும் பல் நிறைந்த வாயும் கொண்ட, எந்த எலும்பாலும் நியாயப்படுத்த முடியாத ஓர் உருவம் 1970, 1980களின் சிறுவர் நூல்களில் ஒன்றிலிருந்து ஒன்றாகப் படியெடுக்கப்பட்டது. ஓவியர் எலும்பைப் பார்க்காமல் முந்தைய ஓவியத்தைப் பார்த்து வரைவது இக்கலையின் தீராத நோய். ஜான் சிபிக், பீட்டர் வெல்ன்ஹோஃபரின் 1991ஆம் ஆண்டுக் கலைக்களஞ்சியத்துக்கு வரைந்த ஓவியங்கள் எலும்பின்மேல் நின்றமையால்தான் அவை வெளிவந்த காலத்தில் தனித்துத் தெரிந்தன.

வானம் அளவை மறைக்கும் என்பதற்குத் தற்செயலான ஒரு சோதனையும் நிகழ்ந்தது. அமெரிக்கப் பொறியாளர் பால் மெக்கிரெடி 1986இல் குவெட்சல்கோட்லசின் பறக்கும் மாதிரியை உருவாக்கினார். அதன் இறக்கை விரிவு ஏறத்தாழ 5.5 மீட்டர், அதாவது பாதியளவு. ‘ஆன் த விங்’ என்னும் பெருந்திரைப் படத்துக்காகப் பாலைநில வானில் அது பறக்கவிடப்பட்டது. பொதுமக்கள் முன்னிலையில் நிகழ்ந்த காட்சியில் அது விழுந்து நொறுங்கியதையே செய்திகள் பேசின. கலை நோக்கில் முதன்மையானது வேறு: திரையில் பறந்த பாதியளவு மாதிரி முழு விலங்காகச் செல்லுபடியாயிற்று. பின்னணியில் வானம் மட்டுமே இருக்கும்போது அரைக்கும் முழுமைக்கும் வேறுபாடில்லை. 1999இல் பிபிசி ஒளிபரப்பிய ‘வாக்கிங் வித் டைனோசர்ஸ்’ தொடரும் இதனையே மறுவழியில் காட்டியது. அதில் ஆர்னிதோகைரஸ் 12 மீட்டர் இறக்கையுடையதாகச் சொல்லப்பட்டது. அக்கூற்றுக்கு அடிப்படையான பிரேசில் நாட்டுப் புதைபடிவம் 2013இல் முறையாக விவரிக்கப்பட்டபோது 9 மீட்டரைக்கூட எட்டவில்லை. படத்திலிருந்த உருவத்தை ஒரு கோடும் மாற்றாமல் பின்னணிக் குரல் சொல்லும் எண்ணை மட்டும் மாற்றினால் போதும். காட்சி அப்படியே பொருந்தும்.

தரைக்கு இறங்கிய விலங்கு

2008ஆம் ஆண்டு மே மாதம் மார்க் விட்டனும் டேரன் நைஷும் ‘பிளாஸ் ஒன்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். குவெட்சல்கோட்லஸ் சார்ந்த அஷ்டார்கிட் குடும்பத்தின் உடலமைப்பையும் வாழ்முறையையும் மறுபரிசீலனை செய்த கட்டுரை அது. இக்குடும்பத்தின் முழுமை மிகுந்த எச்சங்கள் பெரும்பாலும் உள்நாட்டுப் படிவுகளிலிருந்தே கிடைக்கின்றன. கழுத்தெலும்புகள் நீண்ட குழாய் போன்றவை, எளிதில் வளையாதவை. பாதங்கள் சிறியவை, சேற்றில் நடக்க ஏற்றவையல்ல. தென்கொரியாவில் கண்டறியப்பட்ட பெருந்தடங்கள் கால்களை உடலுக்கு நேர்கீழாக ஊன்றி நான்கு கால்களாலும் நன்கு நடந்த விலங்கைக் காட்டுகின்றன. இவற்றைத் தொகுத்து, நாரை, கொக்கு போலத் தரையில் நடந்து சிற்றுயிர்களைப் பொறுக்கி உண்டவை இவை என்று இருவரும் வாதிட்டனர்.

இக்கட்டுரையோடு விட்டன் வரைந்த ஓவியமும் வெளிவந்தது. பெரணிச் செடிகள் பரவிய திறந்தவெளி. அதில் குவெட்சல்கோட்லஸ்கள் கூட்டமாக நடக்கின்றன. மடித்த இறக்கைகளை முன்கால்களாக ஊன்றி, நெடிய கழுத்தைத் தாழ்த்தி, செடிகளுக்கிடையே இரை தேடுகின்றன. அவற்றுள் ஒன்று டைட்டனோசார் குட்டியொன்றைத் தன் அலகில் கவ்வியுள்ளது.

ஆய்வாளரும் ஓவியரும் ஒருவரே என்பது இங்கு அடிப்படையான செய்தி. நைட்டுக்கும் பூரியானுக்கும் அறிஞர்கள் ஆலோசனை சொன்னார்கள். ஓவியம் அறிவுக்குப் பின்னால் நடந்து வந்தது. விட்டனிடம் ஓவியம் வாதத்தின் ஓர் உறுப்பு. கட்டுரையின் சொற்கள் உறுப்புறுப்பாகச் சான்று காட்டுகின்றன. ஓவியமோ அவ்வுறுப்புகள் ஒரே உடலில், ஒரே நிலத்தில், ஒரே நேரத்தில் கூடி இயங்கக்கூடியவை எனக் காட்டுகிறது. கூடியியங்க முடியாத கருதுகோளை நம்பும்படி வரைவது கடினம். அவ்வகையில் வரைதலே ஒரு சோதனையாகிறது.

அதனினும் பெரியது நில மாற்றம். நெய்தலில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் தங்கியிருந்த பறக்கும் ஊர்வன இங்கே முல்லையை ஒத்த வெளிக்கு வருகின்றன. நிலம் மாறியவுடன் விலங்கும் மாறுகிறது. முன்பு இறக்கையே உடலாக இருந்தது. இப்பொழுது கழுத்தும் தலையும் காலும் உடலாகின்றன. முன்பு அது காற்றின் பயணி. இப்பொழுது வேட்டை விலங்கு. முன்பு பார்ப்பவர் அண்ணாந்து நோக்கினார். இப்பொழுது செடிகளினூடே அதன் கால்மட்டத்தில் நின்று நோக்குகிறார். விரிந்த இறக்கையில் ஒருபோதும் தென்படாத அச்சம் மடித்த இறக்கையில் தென்படுகிறது. இவ்வளவு பெரிய உயிர் நடந்து வரக்கூடும் என்பதே அவ்வச்சத்தின் ஊற்று.

பொழுதும் கருதத்தக்கது. புயல், எரிமலை, செவ்வானம் ஆகியன தொல்லுயிர் ஓவியத்தின் பழகிய பொழுதுகள். இங்கு நாடகம் குறைவு. குட்டியைக் கவ்விய விலங்கைச் சுற்றி மற்றவை தம் பணியில் ஈடுபட்டுள்ளன. எதுவும் திரும்பிப் பார்க்கவில்லை. கொலை இங்கே அன்றாடம். அமைதியான இவ்வன்முறையே ஓவியத்தின் வலிமை. பின்னர் வந்த போலிகள் தவறவிட்டதும் இதனைத்தான்.

குட்டியும் ஒட்டகச்சிவிங்கியும்

ஓவியம் தரைக்கு வந்ததால் அளவுகோல் கிடைத்துவிட்டதா? முதற்பார்வையில் அவ்வாறே தோன்றும். நீள்கழுத்து டைனோசார் பேருருவுக்கே மறுபெயர். அதனையே கவ்வித் தூக்குவது எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் எனப் பார்ப்பவர் மலைக்கிறார். ஆனால் தூக்கப்பட்டது குட்டி. முட்டையிலிருந்து வெளிவந்த டைட்டனோசார் மனிதர் கையில் ஏந்தத்தக்க அளவே இருக்கும். ஓவியத்திலுள்ளது எத்தனை நாள் குட்டி என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. பெரணிச் செடி முழங்கால் உயரமும் இருக்கலாம், ஆளுயரமும் இருக்கலாம். கவ்வப்பட்ட விலங்கின் இனப்பெயர் தரும் மலைப்பே இங்கு அளவுகோலாகச் செயல்படுகிறது. அதன் உண்மை உடலளவு அன்று. இது பொய்யன்று, அணி. உயர்வு நவிற்சி ஒரு சொல்லையும் மிகைப்படுத்தாமல் நிகழும் அரிய இடம் இது.

விட்டன் இதனை அறியாதவர் அல்லர். அவருடைய மற்றொரு படம் 2008க்குப் பின் இதைவிடவும் மிகுதியாகப் பரவியது. அதில் பெரும் அஷ்டார்கிட் ஒன்று நிற்கிறது. அருகே ஓர் ஒட்டகச்சிவிங்கி. அருகே ஒரு மனிதர். டெரோசாரும் ஒட்டகச்சிவிங்கியும் ஏறத்தாழ ஒரே உயரம். இதில் அளவு குறித்து எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் நிலமும் இல்லை, பொழுதும் இல்லை. வெற்றுப் பின்னணியில் மூன்று உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. கிரிடேசியஸ் காலத்தில் ஒட்டகச்சிவிங்கியும் இல்லை, மனிதரும் இல்லை. உலகத்தை முற்றிலும் விலக்கிய பின்னரே இப்படம் உண்மையான அளவைச் சொல்ல முடிந்தது.

இவ்விரு படங்களையும் அருகருகே வைக்கும்போது இக்கலையின் உள்முரண் வெளிப்படுகிறது. முதற்பொருளோடு கூடிய படத்தில் அளவு உறுதியில்லை. அளவு உறுதியான படத்தில் முதற்பொருள் இல்லை. பார்ப்பவர் அறிந்த அளவுகோல்கள் யாவும் அவர் காலத்தைச் சேர்ந்தவை. வரையப்படும் உலகமோ அவற்றுள் ஒன்றையும் ஏற்காது. ‘கிங் காங்’ அந்த எல்லையைப் பொருட்படுத்தாமல் கடந்தது. விட்டன் அதனை மதித்து இரண்டு படங்களாகப் பிரித்தார். டி லா பீச்சின் பிளீசியோசார் இரண்டுக்கும் இடைப்பட்ட மூன்றாம் வழியைச் சுட்டியது எனலாம்: அக்காலத்து உயிர் ஒன்றையே மற்றோர் உயிருக்கு அளவாக்குவது. ஆனால் அளவாகும் உயிரின் அளவைப் பார்ப்பவர் முன்னரே அறிந்திருக்க வேண்டும். லைம் ரீஜிஸ் கடற்கரையின் எலும்புகளைப் பற்றி ஆர்வத்தோடு படித்துவந்த 1830ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அது ஓரளவு இயன்றது.

தையல் தெரியாத உடல்

இதுகாறும் கூறியவை அனைத்தும் ஓவியத்தில் காணும் உடல் சரியானது என்னும் எடுகோளின் மேல் நிற்கின்றன. அவ்வுடலே ஒரு தொகுப்பு. குவெட்சல்கோட்லஸ் நார்த்ராபியின் முதன்மைச் சான்று முழுமையற்ற ஓர் இடது இறக்கை மட்டுமே. நீண்ட கழுத்து, கூரிய அலகு, தலை, உடற்பகுதி ஆகியன அதே பூங்காவின் வேறிடங்களில் கிடைத்த சிறிய விலங்குகளிலிருந்து பெறப்பட்டவை. 4.5 மீட்டர் அளவு இறக்கை விரிவுடைய அவை, 2021இல் வெளிவந்த விரிவான ஆய்வுத்தொகுதியில் குவெட்சல்கோட்லஸ் லாசனி என்னும் தனிச் சிற்றினமாகப் பெயர் பெற்றன. ஆகவே ஓவியங்களில் காணும் பேருருவம் பெரியதன் கையும் சிறியதன் உடலும் சேர்ந்தது. சிறியதை இருமடங்குக்கு மேல் பெருக்கும்போது கழுத்தின் தடிப்பும் தலையின் விகிதமும் அவ்வாறே பெருகும் என்பதற்கு உறுதியில்லை. ருமேனியாவிலிருந்து 2002இல் விவரிக்கப்பட்ட ஆட்செகாப்டெரிக்ஸ் இதற்குத் தக்க எச்சரிக்கை. அதுவும் பேருருவ அஷ்டார்கிட்; அதன் கழுத்தெலும்பை ஆராய்ந்த நைஷும் விட்டனும் 2017இல் அதன் கழுத்து குட்டையும் தடிப்புமானது என்று காட்டினர். அதுவரை நெடுங்கழுத்தோடு அதனை வரைந்த ஓவியங்கள் ஒரே எலும்பால் பழையனவாயின.

எலும்புக்கூட்டு வரைபடத்துக்கு இவ்விடத்தில் ஒரு நேர்மை வாய்த்திருக்கிறது. கிடைத்த எலும்பை வெண்மையாகவும் கிடைக்காததைச் சாம்பல் நிறத்திலும் காட்டும் வழக்கம் அத்துறையில் உண்டு. ஐயம் எங்கே தொடங்குகிறது என்பதைப் படிப்பவர் காண்கிறார். வண்ண ஓவியத்தில் அச்சாம்பலுக்கு இடமில்லை. தோலும் மயிரும் ஒளியும் ஐயமுள்ள பகுதியையும் ஐயமற்ற பகுதியையும் ஒரே சீராக மூடிவிடுகின்றன. ஓவியம் திறமையாக அமைய அமையத் தையல் மறைகிறது. திறமையே இங்கு ஐயத்துக்குப் பகையாவது வருந்தத்தக்கது. ஆயினும் மோசமாக வரைவது அதற்குத் தீர்வாகாது. மூடுபனி, தொலைவு, நிழல், செடிமறைவு ஆகியவற்றால் அறியாத உறுப்பை அறியாததாகவே விட்டுவைக்கும் உத்தி நிலக்காட்சி ஓவியத்தில் பழையது. பேருருவ டெரோசார்களை வரைவோர் அதனை அரிதாகவே கையாண்டுள்ளனர். ஒவ்வோர் உறுப்பையும் தெளிந்த ஒளியில் காட்டுவதே அறிவியல் ஓவியத்தின் கடமை என்னும் எண்ணம் அவர்களைத் தடுத்திருக்கக் கூடும்.

2008இன் ஓவியம் திறந்த உரிமத்தில் வெளிவந்தமையால் எவரும் கட்டணமின்றி எடுத்தாள முடிந்தது. சில ஆண்டுகளுக்குள் குட்டியைக் கவ்வும் குவெட்சல்கோட்லஸ் நூலட்டையிலும் அருங்காட்சியகப் பலகையிலும் திரையிலும் பெருகியது. கடலும் குன்றும் டெரனோடானுக்கு எவ்வாறு மாற்ற முடியாத பின்னணி ஆயினவோ, அவ்வாறே பெரணிவெளியும் குட்டியும் இதற்கு ஆயின. மரபை உடைக்க வரைந்த ஓவியமே மரபாயிற்று. தம் பழைய ஓவியங்களைப் புதிய சான்றுக்கேற்பத் திருத்தி வரையும் வழக்கமுடைய விட்டனைவிட அவரைப் பின்பற்றியோரே இதற்குப் பொறுப்பு.

2021இன் ஆய்வுத்தொகுதி நிலத்தை மீண்டும் நகர்த்தியது. சிறிய லாசனியின் எலும்புகள் பல விலங்குகளுக்கு உரியனவாக, ஏரிப் படிவுகளில் ஒருங்கே கிடைக்கின்றன. பெரிய நார்த்ராபியின் எலும்புகள் ஆற்றுப் படிவில் தனித்துக் கிடைக்கின்றன. சிறியது நீர்நிலை ஓரத்தில் கூட்டமாகவும் பெரியது இன்றைய பெருநாரை போலத் தனித்தும் வாழ்ந்திருக்கலாம் என்பது அத்தொகுதியின் கருத்து. விட்டன், நைஷ் ஆகியோரின் தரைவேட்டைக் கருத்தோடு இது எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை, விவாதம் தொடர்கிறது. ஓவியத்துக்கு இதில் கிடைக்கும் செய்தி எளியது. பெரணிவெளியில் கூட்டமாக நடந்தவை நார்த்ராபிகள் என்றே 2008இன் ஓவியம் சொன்னது. கூட்டத்துக்கான சான்று சிறியதன்பால் உள்ளது. பேருருவுக்கான சான்று தனித்துக் கிடந்த ஓர் இறக்கையில் உள்ளது. இரண்டும் ஒரே சட்டகத்துள் இன்னும் வரையப்பட்டு வருகின்றன.